உப்புப் போத்தலுக்கு அடியில் கொழும்பு

14 ஜூன் 2007, ஓப்பநாயக்க

நகரவியலில் கலாநிதி (முனைவர்) பட்டப் படிப்புக்கு மகள் கொழும்பு போக வேண்டாம் என்று நான் சொன்ன காரணங்கள்:

1. அது பல பாடங்களின் கலப்பு. முடித்த பிறகு எந்தத் துறையும் அவளைத் தன் ஆள் என்று ஏற்காது.
2. இந்த யுத்த நேரத்தில் வரைபடத்தோடு தெருத்தெருவாகத் திரியும் தமிழ்ப் பெண்ணைச் சோதனைச் சாவடியில் யாரும் நம்பமாட்டார்கள்.
3. அவளுக்கே அதில் பெரிய ஆசை இல்லை.

முதலாவதுக்கு நேற்றே பதில் சொல்லிவிட்டாள். "வெள்ளம் வந்தா இஞ்சினியர் தண்ணிய அளக்குறாரு, டாக்டர் காய்ச்சலப் பாக்குறாரு. ரெண்டையும் சேத்துப் பாக்க ஒரு ஆள் வேணாங்களாப்பா?" இரண்டாவதைச் சொன்னதும், விரித்து வைத்திருந்த வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

இன்று காலை கடைத்தெருவிலிருந்து கொழும்புப் பேராசிரியருடன் தொலைபேசியில் பேசி, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்றேன். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன் கொழும்பு வரைபடத்தை வெட்டி, சமையலறை அலமாரித் தட்டில் விரித்தாள்.

"இனி கொழும்பு மேல உப்புப் போத்தல் நிக்கட்டும். அதுகிட்ட எந்த ஆமிக்காரனும் அடையாள அட்டை கேக்க மாட்டான்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்றாவது காரணம் சரிதான் என்று நிம்மதியாக இருந்தது.

மாலையில் தேநீருக்குச் சீனி எடுக்கப் போனேன். தாளைத் தட்டின் அளவுக்கு நேராக வெட்டியிருந்தாள். ஒரு மூலையில் மட்டும் வெட்டு வளைந்து போயிருந்தது. வெள்ளம் ஏறும் வாய்க்கால் ஓரக் குடிசைகளை அவள் பென்சிலால் குறித்து வைத்த இடம் அது. அந்தத் துண்டு வெட்டுப்படாமல் தட்டுக்கு வெளியே தொங்கியது.

இரண்டாவது காரணத்தை என்னால் இன்னும் விட முடியவில்லை. மூன்றாவது தவறு.