படம் காட்டக் கோரி

அனுப்புநர்:
சு. உச்சிமாகாளி (வயது 54),
மளிகைக் கடை,
தண்டையார்பேட்டை, சென்னை.

பெறுநர்:
மருந்து ஆய்வுக் கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: என் உடம்புக்குள் எடுத்த படங்களை எனக்கே காட்டக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. கண்டெய்னர் லாரிப் புழுதியில் இருபது வருடம் கடை நடத்தியதில் என் நுரையீரல் கெட்டது. புது மருந்து ஆய்வு ஒன்றில் சேர்ந்தேன். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மார்பு ஸ்கேன் எடுத்தார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன்.

2. ஆறாவது முறை, ஸ்கேன் எடுக்கும் தம்பி (பெயர் எழுத மாட்டேன், அவர் வேலை முக்கியம்) காதோடு சொன்னார்: "அண்ணாச்சி, நுரையீரல் சோக்கா கீது. படத்துக்கு அடில, கிட்னியாண்ட இன்னாவோ கட்டி மாரி கீது. எங்கனா போயி காட்டிடு."

3. பதறிப்போய் ஆய்வு நிறுவனத்தில் கேட்டேன். நுரையீரலை அளப்பதுதான் ஆய்வாம். சிறுநீரகம் திட்டத்திலேயே இல்லையாம். திட்டத்தில் இல்லாத உறுப்பை உடம்பில் வைத்திருந்தது என் தவறாகவும் இருக்கலாம்.

4. அரசு மருத்துவமனையில் பார்த்தார்கள். கட்டி உண்மைதான். அது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று தெரிந்தால்தான், காத்திருப்பதா, உடனே அறுப்பதா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். பழைய படங்களைக் கொண்டுவரச் சொன்னார்.

5. ஆய்வு நிறுவனத்துக்கே படம் கேட்டுப் போனேன். உச்சிமாகாளி என்று யாருமில்லை, எண்கள்தான் உண்டு என்றார்கள். என் எண் 017 என்றேன். 017 யார் என்பது இரகசியம், வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்றார்கள். என் இரகசியத்தை என்னிடமிருந்தே இவ்வளவு பத்திரமாகக் காப்பவர்களை நான் கண்டதில்லை. வெளிநாட்டு நிபுணர்கள் மூவர் என் படங்களைப் பார்த்தாகிவிட்டது. நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கு நான் யார் என்று தெரியும், படத்தைத்தான் பார்க்கவில்லை.

6. எங்கள் தெருவில் பந்தா பண்ணுபவனிடம் 'படம் காட்டாதே' என்போம். முதல்முறையாக, படம் காட்டுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ஆய்வு முடிந்ததும் 2028-இல் தருவார்களாம். அதுவரை கட்டி காத்திருக்குமா என்று கேட்டேன். அது ஆய்வில் இல்லாத கேள்வி என்றார்கள்.

அய்யா, எனக்குப் பயமாக இருக்கிறது. என் மனைவி ராமசெல்விக்கு இன்னும் சொல்லவில்லை. இரகசியம் காப்பதை நானும் அவர்களிடம் கற்றுக்கொண்டேன்.

ஆறு படங்களையும் பத்து நாளுக்குள் வாங்கித்தர உத்தரவிடுங்கள். 017-உம் நானும் ஒரே ஆள் என்பதற்கு ஆதார் நகல் இணைத்துள்ளேன். அது போதாதென்றால், சம்பந்தப்பட்ட சிறுநீரகத்துடன் நேரில் ஆஜராகிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சு. உச்சிமாகாளி
(எண் 017)

இடம்: தண்டையார்பேட்டை
நாள்: 4.8.2025