நான்காம் தொகுதியில் நான் அடித்த வரி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற செய்தியாளர்,
மெய்ப்புத் திருத்தும் தன்னார்வலர் குழு,
பொது நூலகம், மாடி அறை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
ஆவணப் பதிப்புத் துறை.

பொருள்: நூற்பாலைத் தீ விபத்து நினைவுக் கல்லில் விடுபட்ட பெயரைச் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் துறையின் ஆலைத் தொழிலாளர் வரலாற்று நூல்வரிசையை ஊதியமின்றி மெய்ப்புப் பார்த்த ஒன்பது பேரில் நானும் ஒருவன். எட்டுத் தொகுதிகளும் எட்டுப் பேர் தொகுத்தவை. ஒருவர் சிறுகோடு இட்ட இடத்தில் இன்னொருவர் காற்புள்ளி இட்டிருந்தார். அனைத்தையும் ஒரே சீராக்குவது எங்கள் வேலை. ஒரு கோட்டுக்காகப் பிற்பகல் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். எனக்குக் "கோட்டுச்சாமி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

2. நான்காம் தொகுதியில் விபத்தில் இறந்தவர்களின் பட்டியல் உள்ளது. அதில் ஒரே பெயரில், ஒரே பிரிவில், முப்பத்து நான்கு வயதில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆலையில் ஒருவரை நெட்டச்சி என்றும் மற்றவரை இடக்கைக்காரி என்றும் அழைத்திருக்கிறார்கள். தொகுத்தவர் அதை அடைப்புக்குறிக்குள் குறித்திருந்தார். அரசு வெளியீட்டில் பட்டப்பெயர் வேண்டாம் என்பது எங்கள் விதி. ஒரு மேசையில் அதன்படி நீக்கினார்கள். மூன்று வாரம் கழித்து அந்தப் படி என் மேசைக்கு வந்தபோது, அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு வரிகள் இருந்தன. தவறுதலாக இருமுறை விழுந்தது என்று எண்ணி இரண்டாவதை அடித்தேன்.

3. முன்னுரையில் முப்பத்தொருவர் என்றிருந்தது. எண்ணிப் பார்த்தேன், முப்பதுதான் வந்தது. மூலப் பட்டியல் கீழ்த்தள அலமாரியில் இருந்தது. பதினாறு படிகள். நான் இறங்கவில்லை. முன்னுரையையும் முப்பது என்று திருத்தினேன். என்னிடம் வேலை பார்த்த நிருபர் யாராவது இப்படிச் செய்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

4. சென்ற வாரம் இடக்கைக்காரியின் மகள், தையல் வேலை செய்பவர், நூலகத்துக்கு வந்தார். பட்டியலை விரல் வைத்து மூன்று முறை படித்தார். பெயர்தான் இருக்கிறதே என்று எங்களில் ஒருவர் காட்டினார். "அது நெட்டச்சி அத்தை சார். எங்கம்மா அன்னிக்கு வேலைக்கே போகலைன்னு எழுதிட்டீங்களா? அப்ப ஏன் சார் வீட்டுக்கு வரல?" என்று கேட்டார். அன்றுதான் அந்தப் பதினாறு படிகளையும் இறங்கி மூலப் பட்டியலை எடுத்தேன்.

5. தங்கள் அலுவலகத்துக்கு இருமுறை வந்தேன். மறுபதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கண்காணிப்பாளர். ஆனால் நினைவுக் கல்லில் இந்தத் தொகுதியைப் பார்த்துத்தான் பெயர்களைப் பொறிக்கிறார்கள். கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருப்பதைக் கல் செதுக்குபவர் எனக்குக் காட்டினார். வரும் திங்கட்கிழமை அங்கே கல்லின் ஓர அலங்காரமான கரைவேலை தொடங்குகிறது. பிறகு இடம் இராது. துறையின் எழுத்துமூல ஆணை இல்லாமல் உளியை வைக்க மாட்டேன் என்கிறார். அவர் சொல்வது சரிதான். இல்லாத அதிகாரத்தில் நான் செய்ததே போதும்.

6. ஆகவே, அந்த ஒரு வரியில் அவர் பெயரைப் பட்டப்பெயரோடு பொறிக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். பிழை என்னுடையது என்று கோப்பில் எழுதிக்கொள்ளலாம். மகள் சனிக்கிழமை மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஆணை வந்தால் அவர் கையில் கொடுப்பேன். வராவிட்டால், அவருடைய அம்மாவுக்குக் கல்லில் இடமில்லை என்பதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இணைப்பு: மூலப் பட்டியலின் நகல், மகளின் கடிதம்.

இடம்: நூலக மாடி அறை
நாள்: 08.08.2019

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற செய்தியாளர்