காலியாக விட்ட கோல்

மார்ச் 9, ஞாயிறு

இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன். பேட்ஜர்ஸ் தோற்றாலும் பூசி மெழுக மாட்டேன்.

எங்கள் ஹாஸ்கெட் ஊரின் ஐஸ் ஹாக்கி அணியான பேட்ஜர்ஸ், முதல் எட்டு அணிகள் மோதும் பிளேஆஃபுக்குக் கடைசியாகப் போனபோது அம்மா பள்ளி மாணவி. அரங்கின் கூரையில் அதற்காக ஒரே ஒரு கொடி தொங்குகிறது. இந்த வருடம் எட்டாவது இடம் கிடைத்தால் இன்னொன்று.

கோல்கீப்பர் தியோ எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். வெளியூர்ப் பையன்களை ஊர்க் குடும்பங்கள் வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். காலையில் வாஷ்பேசின் முழுக்க அவன் தாடிமுடி.

"இங்க என்ன, நாய்க்கு முடி வெட்டினியா?" என்றாள் அம்மா.

"பிளேஆஃப் வந்துட்டா ஷேவிங்கே கிடையாது ஆன்ட்டி. வேண்டிக்கோங்க."

உண்மைதான். பிளேஆஃபில் இருக்கும்வரை யாரும் சவரம் செய்வதில்லை. தியோவுக்கு இருபது வயது. இந்த லீகில் அதற்குமேல் ஆட விடமாட்டார்கள். அவன் ஒரு பிளேஆஃபும் ஆடியதில்லை.

மார்ச் 12, புதன்

குளிரில் பள்ளிப் பேருந்து கிளம்பவில்லை. லீகின் விதிகளை முழுவதும் படித்தேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

எட்டாவது இடத்தில் இருக்கும் கிரேன் லேக் தன் கடைசி ஆட்டத்தில் தோற்றுவிட்டது. நாங்கள் இரண்டு புள்ளி பின்னால். நாளை எங்கள் கடைசி ஆட்டம்.

ஜெயித்தால் போதும் என்கிறது ஊர். போதாது. போன வருடம் வரை எந்த வெற்றிக்கும் இரண்டு புள்ளி. இந்த வருடம் குறித்த நேரத்துக்குள் ஜெயித்தால் மூன்று; சமனாகிக் கூடுதல் நேரத்தில் ஜெயித்தால் இரண்டுதான். இரண்டு கிடைத்தால் கிரேன் லேக்கும் நாமும் சமம். சமமென்றால் நேருக்கு நேர் ஆடியதில் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். அவர்கள்தான்.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். "ஜெயிச்சா ஜெயிச்சதுதான், புரொஃபசர்" என்று தியோ என் தட்டிலிருந்து ஒரு பெரோகிக் கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டான். பிறகு கோச்சுக்குப் போன் செய்தான். திரும்பி வந்து அந்தப் பெரோகியை என் தட்டிலேயே வைத்தான்.

"நீ சொன்னதுதான் சரி. கடைசியில சமமா இருந்தா, என்னை வெளிய கூப்பிட்டு, கோல் அடிக்க இன்னொரு ஃபார்வர்டை இறக்குவாராம்."

"கோல்?"

"காலியாத்தான் கிடக்கும்."

கடைசி ஆட்டத்தில் அவன் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? நான் ஏன் படித்தேன்?

மார்ச் 15, சனி

எழுதுகிறேன், நடந்தபடியே.

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது 3-3. எல்லோரும் நிம்மதியாகக் கைதட்டினார்கள், கூடுதல் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்போது தியோ கோலை விட்டுவிட்டு பெஞ்சை நோக்கி வந்தான்.

"கோச்சுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" பின்வரிசையிலிருந்து ஒருவர். யாரோ பாப்கார்னை வீசினார்கள்.

தியோ ஓடவில்லை, தயங்கவுமில்லை. அந்தக் கனத்த கால்காப்புகளோடு நிமிர்ந்து வந்தான். இவ்வளவு பெரிய ஒன்றை யாரும் இவ்வளவு சாதாரணமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

எதிரணிக்காரன் தன் முனையிலிருந்தே எங்கள் காலி கோலைக் குறிவைத்து அடித்தான். கறுப்பு வட்டு பனிமேல் வழுக்கிப் போனது. மெதுவாக. அவ்வளவு மெதுவாக. துரத்த யாருமில்லை. அது போகும் சத்தம் எனக்குக் கேட்டது, சத்தியமாய்க் கேட்டது.

ஒரு கை அகலத்தில் கம்பத்துக்கு வெளியே போயிற்று.

அங்கிருந்து அடித்துத் தவறினால் ஆட்டம் அவர்கள் கோலருகேதான் மறுபடி தொடங்கும். களைத்தவர்களை மாற்றவும் கூடாது. அதுவும் விதி. அங்கிருந்துதான் எங்கள் நான்காவது கோல். 4-3, குறித்த நேரத்துக்குள்ளேயே.

விதியை எழுதியவர்கள் எங்கோ ஓர் அறையில் காப்பி குடித்துக்கொண்டு எழுதியிருப்பார்கள். அதற்குள் இது இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா?

மார்ச் 16, ஞாயிறு

கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. அம்மாவுக்கும்.

மார்ச் 17, திங்கள்

காலையில் வாஷ்பேசின் சுத்தமாக இருந்தது. அலமாரியில் தியோவின் ரேசர் காய்ந்து கிடந்தது. அம்மா அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.