தையல் இல்லாத வயிறு

ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு, உங்களை விட்டால் பேச ஆளில்லாதவள் எழுதுவது.

நாளை உங்கள் முப்பதாம் நாள் பூசை. வீடு முழுக்க உங்கள் சொந்தக்காரர்கள். காலையிலேயே உங்கள் தம்பி ஆரம்பித்துவிட்டார்: "அந்த டாக்டர் அன்னிக்கே வயித்த ஓப்பன் பண்ணியிருந்தா நம்ம ஸ்டெல்லா இருந்திருப்பா. அந்த ஏக்கத்துலயே அண்ணனும் போயிட்டாரு." நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றாறில் அவள் சைக்கிளிலிருந்து விழுந்து, ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியது. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஈரல் கிழிஞ்சிருக்கு. ரத்தம் தானா நின்னுடுச்சு, ஆறிடும். ஆபரேஷன் வேணாம். ஆனா வீட்டுக்குப் போனாலும் ஓடக்கூடாது, வயித்துல யாரும் கை வைக்கக்கூடாது." ஒன்பது நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

தையல் போடவில்லையே, அப்படியானால் பெரிதாக ஒன்றுமில்லை என்று நான் நினைத்தேன். முட்டாள். நீங்கள் பொம்மசந்திரா கம்பெனிக்கு ஷிப்டு போயிருந்தபோது அவள் வாந்தி எடுத்தாள். விழுந்ததில் குடல் ஏறியிருக்கும் என்று விளக்கெண்ணெயைச் சூடாக்கி, என் கையாலேயே அவள் வயிற்றை அழுத்தித் தேய்த்தேன்.

"வலிக்குதும்மா, விடும்மா" என்று கத்தினாள். "சும்மா இருடி சனியனே" என்று தொடையில் ஓர் அடி வைத்தேன். சற்று நேரத்தில் வெளுத்துத் துவண்டுபோனாள். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் வயிற்றைத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்தார். "தேய்ச்சீங்களாம்மா?"

"இல்ல சார்."

அவசரமாக அறுத்தும் பிழைக்கவில்லை. அப்போதுதான் ஓடி வந்த நீங்கள் அவர் சட்டையைப் பிடித்து "கொலைகாரா" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பதினொரு வருஷம் அவரைச் சபித்தீர்கள், நானும் ஆமாம் போட்டேன். "உன்னையாவது ஆண்டவர் எனக்கு விட்டுவச்சாரு" என்று என் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். தெரிந்திருந்தால் பிடித்திருப்பீர்களா? உங்களை இழக்கப் பயந்தேன். அதனால் ஒரு நல்ல மனிதரை உங்களிடம் தின்னக் கொடுத்தேன்.

இப்போது உங்கள் தம்பி நினைவு அட்டையில் அந்த டாக்டரின் பெயரையும் போட்டு, அவர் அலட்சியத்தால் மகளை இழந்தவர் என்று அச்சடித்து வைத்திருக்கிறார். பூசை முடிந்ததும் கொடுப்பார்களாம்.

அதற்கு முன்னால் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன். இது சத்தியம். இன்னொன்றும் சொல்வேன். அவளைப் புதைத்த குழியில்தான் உங்களையும் வைத்தோம். மூன்றாவதாக என்னை அங்கே வைக்க வேண்டாம். அவள் பக்கத்தில் நீங்கள் மட்டும் இருங்கள்.

உங்கள் மனைவி,
பிலோமினா