ஸ்தூபியைச் சுற்றும்போது உன் மாமியாரைப் பார்த்தேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கப்பலில் போய்விட்டுப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம், உன் அப்பாவுக்கு இன்னும் தரை ஆடுகிறதாம், அதைத் தவிர இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இவள் எதற்கு லெட்டர் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அடுத்த வீட்டுக்காரருக்கும் சேர்த்து. இது அவர் காதில் விழக் கூடாத சங்கதி. அதனால் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில், துணி அறையில், மடித்து வைத்த பச்சைத் துணிகள் மேல் பேப்பரை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள், கோபத்திலும் எழுதுகிறேன்.

முதலில் நீ டிக்கெட் எடுத்து எங்களை அனுப்பிய கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நன்றாகத்தான் இருந்தது. எங்கள் அறையில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் அழகாக ஒரு திரை தொங்கியது, விலக்கினால் சுவர். உன் அப்பா தினமும் காலையில் எழுந்து அதை விலக்கிப் பார்த்து, இன்னைக்கும் கடல் அமைதியாத்தான் இருக்கு என்பார். சாப்பாட்டுக்கு எங்களுக்கு முதல் பந்தி, தட்டை வைப்பதற்குள் எடுத்துவிடுவார்கள். நீயும் தினம் தவறாமல் போன் போட்டு, சாப்பிட்டீங்களா, யாரையாவது பாத்தீங்களாம்மா, தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா என்று கேட்டாய். நானும் என் பெண்ணுக்கு எவ்வளவு அக்கறை, அம்மாவுக்குப் பேச்சுத்துணை கிடைத்ததா என்று விசாரிக்கிறாளே என்று பக்கத்து மேஜைக்காரியிடம் பெருமை அடித்தேன். அவளும் என் பெண் இப்படிக் கேட்பதில்லை என்று பெருமூச்சு விட்டாள். அவள் கொடுத்து வைத்தவள்.

நாலாம் நாள் கப்பலைக் கரையில் கட்டி, எல்லோர் மார்பிலும் நம்பர் ஒட்டி, பஸ்ஸில் ஏற்றி அந்தப் பழைய புத்தர் ஸ்தூபிக்குக் கூட்டிப் போனார்கள். பெரியது, வெயிலில் செங்கல் எல்லாம் சிவந்து கிடந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்து ஆகா என்றார்கள், எனக்கு என் பிரசவ வார்டு வேலைப் புத்தி, நிறைமாதக்காரி மல்லாந்து படுத்திருக்கிற மாதிரிதான் தெரிந்தது. உன் அப்பாவிடம் சொன்னேன், சும்மா இரு, சாமி இடம் என்றார். உள்ளே போக வாசலே கிடையாதாம், நடுவில் ஏதோ ஒரு சின்னப் பேழையை வைத்து மூடிவிட்டார்களாம், வெளியே சுற்றி வரத்தான் முடியும். செருப்பைக் கழற்றிவிட்டு இடது பக்கமாக ஆரம்பித்துச் சுற்ற வேண்டும், எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் போக வேண்டும் என்று கொடி பிடித்த வழிகாட்டிப் பையன் சொன்னான். கல் சுட்டது. பாதி தூரம் போனதும் உன் அப்பாவுக்கு வழக்கம் போல அவசரம், இதோ வரேன் என்று போனவரைக் காணவில்லை. புது இடம், வழி தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவார் என்று பயந்து நான் வந்த வழியே திரும்பி நடந்தேன். அந்தப் பையன் பின்னாலேயே, அம்மா அந்தப் பக்கம் சுத்தக் கூடாது, பாவம் என்று கத்தினான். புருஷன் தொலைஞ்சா நீயா பாவம் பார்த்துத் தேடிக் கொடுப்பே என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றினால் முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும். எதிர்ப்பக்கம் நடந்ததால் எல்லார் முகமும் எனக்கு நேராக வந்தது. அதில் ஒரு முகம் பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உன் மாமியார். எனக்கு முதலில் சந்தோஷம்தான், சத்தியமாகச் சொல்கிறேன். அட சம்பந்தி, தொப்பிக்குள்ள நீங்கதானா என்றேன். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் போக வேண்டிய கப்பல் போன வாரம் கிளம்பவில்லையாம், இதில் மாற்றிக் கொடுத்தார்களாம், மேல் தளத்தில் பால்கனி அறையாம், அவர்களுக்கு இரண்டாம் பந்தி. அதுவரை எனக்கு ஒன்றும் இல்லை, பால்கனி அவர்களுக்கு, சுவர் எங்களுக்கு, போகட்டும், உன் அப்பாவுக்குச் சுவரே போதும். பிறகு அவர் சொன்னார், உங்களால வர முடியலைன்னு உங்க பொண்ணு ரொம்பச் சங்கடப்பட்டா சம்பந்தி, நர்ஸ் வேலைன்னா லேசுல லீவு கிடைக்குமா, கவலைப்படாதீங்க, அடுத்த மாசமே நாங்க போயிடுறோம், ஆறாம் மாசம் முடியப் போகுதே, இனி துணை வேணும்ல என்று.

எனக்கு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. ஆறாம் மாசமா, லீவா, நர்ஸா. ஆயா வேலை பார்க்கிற என்னை எப்போது நர்ஸ் ஆக்கினாய். சம்பளம் கூடாத உத்தியோக உயர்வை உன்னிடம்தான் வாங்கியிருக்கிறேன். அவர் முகத்தில் சூது இல்லை, நீ சொன்னதை நம்பிப் பேசுகிறார். அங்கேயே, எனக்கு ஒண்ணுமே தெரியாது சம்பந்தி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் மானம் அந்தச் சுடுகல்லில் விழுந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா. ஆமா சம்பந்தி, ஆள் பத்தல, ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் என் கை பட்டாத்தான் வெளியவே வருவேன்னு அடம் பிடிக்குதுங்க என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்து ஸ்கேன் படத்தைக் காட்டினார். வெயிலில் திரை தெரியவில்லை, தொப்பியைக் கழற்றி நிழல் பிடித்தார். பக்கவாட்டு முகம். அந்த மூக்கு உன் அப்பாவின் மூக்கு. இதை எனக்கும் அனுப்புங்க என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது, அதற்குள், உங்களுக்குத்தானே முதல்ல அனுப்பியிருப்பா என்றார். ஆமா என்றேன். ஒரு நிமிஷம் காட்டிவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எத்தனை வயிற்றைப் பார்த்தவள் நான். நடையை வைத்தே எத்தனாவது மாதம் என்று சொல்வேன், நீயோ வீடியோவில் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டி என்னை ஏமாற்றிவிட்டாய். கன்னம் உப்பியிருக்கிறதே என்றதற்கு இங்கே குளிரும்மா என்றாய். வீடு சின்னது, இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் இடமில்லை என்று சொல்லியிருந்தால் நான் என்ன தகராறா பண்ணப் போகிறேன். நான் சத்தமாகச் சிரிப்பேன், யாரையும் விடாமல் கிண்டல் பண்ணுவேன், என்ன வேலை என்று கேட்டால் ஆயா வேலை என்பேன். அது அங்கே வரக் கூடாது என்றால் வரக் கூடாது என்று என்னிடம் சொல்ல வேண்டியதுதானே. எனக்கு லீவு இல்லை என்று ஊருக்குச் சொல்லி, என் வாயை அடைக்க ஒரு கப்பலையும் அனுப்பினாயே, அதுதான் ஜீரணமாகவில்லை. அன்றைக்கு உன் அப்பா செருப்பு விட்ட பக்கமாக வருவதைப் பார்த்ததும் உன் மாமியாரிடம் பஸ் கிளம்புகிறது என்று பொய் சொல்லிவிட்டு ஓடினேன். கப்பலில் மீதி நாளெல்லாம் எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லி உன் அப்பாவை மேல் தளத்துக்கே விடவில்லை. தினம் போன் போட்டு நீ பார்த்த காவல் வேலையை நானே பார்த்தேன். பாவம் மனுஷன், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போது இந்த லெட்டரைப் பார்த்துவிட்டு, வாம்மா என்று கூப்பிடாதே. லீவு இல்லை என்று என் வாயால் சொல்லியாகிவிட்டது. ஊர் வந்ததும் மேட்ரனிடம் போய், ஆள் குறைகிற மாதமெல்லாம் என்னையே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள். நீ சொன்னது இனி பொய் இல்லை. கோபம் எனக்கு உன்மேல்தான், வயிற்றில் இருப்பது என்ன பண்ணியது. இடது பக்கம் ஒருக்களித்துப் படு. கால் வீங்கினால், கண் மங்கினால், மாமியாரிடம் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதே, உடனே டாக்டரிடம் போ. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கழுத்துக்குக் கீழே கை இருக்கட்டும் என்று உன் மாமியாரிடம் சொல், ரொம்ப நாளாகிவிட்டது அவருக்கு, மறந்திருப்பார். வலி சுருக்காக வந்து, சுருக்காக முடிந்து, தாயும் பிள்ளையும் இரண்டு உடம்பாக நல்லபடி எழுந்திருக்க வேண்டும். அதற்கு என் மனசில் ஒரு கறையும் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா போன் போடுவார். அவருக்கு நீயே சொல், தாத்தா ஆகப் போகிற மனுஷன், வேறு வாயால் கேட்கக் கூடாது. இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பதிலை நீயே யோசித்து வைத்துக்கொள், என்னிடம் இருந்த பொய்யை உன் மாமியாருக்குக் கொடுத்துவிட்டேன். நான் பக்கத்தில் நின்று அப்போதுதான் கேட்கிறவள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷப்படுகிறேன். ஒத்திகை வேண்டாம், ஒரு தடவை செய்து பழகிவிட்டது. படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா