விழுந்தவனைத் தூக்காத கோர்ட்

சாமைச் சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டி வளர்த்த என் வெள்ளையண்ணனுக்கு,

உனக்கென்று அரசாங்கம் கொடுத்த வக்கீல்தான் உன்னைச் சிறைக்கு அனுப்பினார். உன்மேல் வழக்குப் போட்ட போலீஸைவிட, உன் பக்கத்தில் நின்ற அந்த ஆள் செய்ததுதான் பெரிய கெடுதல். உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் உனக்காகப் பேசினார்.

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து இருபத்தொரு நாள் ஆகிறது. அண்ணி மிளகுக்கொடிப் பக்கமே போவதில்லை. உன் மகள் விடுதியிலிருந்து வந்தவள் திரும்பிப் போக மறுக்கிறாள். "உங்கப்பன் ஆளைத் தள்ளிக் கொன்னவந்தானே?" என்று கூடப் படிக்கிறவள் கேட்டாளாம். இவள் என்ன பதில் சொல்வாள்? கோர்ட் தாளிலும் அப்படித்தானே எழுதியிருக்கிறது?

இதை உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம் பலாமரத்தில் காய் வெட்ட வியாபாரி மலைக்குக் கீழேயிருந்து அனுப்பிய ஆள் மணி. முதல் நாள் அவர் கிளையை ஒடித்ததற்காக நீ சத்தம் போட்டாய். அதை நாலு பேர் கேட்டார்கள். மறுநாள் தூறலிலேயே மரம் ஏறினார். வழுக்கிப் பாறைமேல் விழுந்து செத்தார். அப்போது பக்கத்தில் உன்னைத் தவிர யாருமில்லை.

நம் பக்கம் ஒரு முறை உண்டு. ஒருவர் நிலத்தில் அயலார் செத்துப்போனால், அது எப்படி நடந்திருந்தாலும், நிலத்துக்காரன் செத்தவர் வீட்டார் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து "என் தப்பு" என்று சொல்ல வேண்டும். அவர்கள் அவன் தோளைப் பிடித்துத் தூக்க வேண்டும். தூக்கிவிட்டால் பகை இல்லை. அதுவரை அவன் எழுந்திருக்கக் கூடாது. நீ ஆஸ்பத்திரி வாசலில் மணியின் மனைவி காலில் விழுந்தாய். பாவம், அந்த அம்மாவுக்கு இந்த முறையெல்லாம் எப்படித் தெரியும்? அழுதுகொண்டே விலகிப் போனார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் நீ சொன்னதை எழுதிக்கொண்டார். முதல் நாள் சத்தம் போட்டதற்குச் சாட்சி இருந்தது. நீ தள்ளிவிட்டாய் என்று வழக்கு ஆனது.

வக்கீல் வைக்க நமக்கு வழியில்லை. இலவச சட்ட உதவியில் ஒருவரைப் போட்டார்கள். சிறைக்கு வந்து அவர் உன்னைப் பார்க்கவே இல்லை. வழக்கு நாளில்தான் கோர்ட் நடையில் முதன்முதலாகப் பார்த்தோம்.

"அந்த மலைக்காரன் கேசு யாருப்பா?"

"நாங்கதானுங்க சார். அண்ணன் ஒண்ணும் பண்ணலீங்க. அந்தாளு தூறல்ல வழுக்கித்தான்..."

"உங்கண்ணனே தப்புத் தப்புன்னு சொல்லிட்டுத் திரியறான். நீ என்னம்மா வக்கீலா? எனக்கு இன்னும் நாலு கேசு இருக்குது."

காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள் நிற்க, நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "வுடு கண்ணு. பெரியவங்க முன்னாடி வுழுந்து எந்திரிச்சாத் தீந்துச்சு. கடைசி பஸ்ஸுல ஊட்டுக்குப் போயிரலாம்."

நான் காலேஜ் படித்தவள். உன்னை வாயை மூடிக்கொண்டிரு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் நானும் அதைத்தான் நம்பினேன். அண்ணன் விழுவான், யாராவது தூக்குவார்கள், ஊருக்குப் போவோம். இந்தப் பழியில் என் பங்கை நான் யார் தலையிலும் கட்டப்போவதில்லை.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டதும் நீ தரையில் விழுந்தாய். "என் தப்புங்க சாமி." அப்படியே கிடந்தாய். யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. வக்கீலைப் பார்த்து, "குற்றச்சாட்டை இவருக்கு விளக்கிட்டீங்களா?" என்று கேட்டார். அதைக் கேட்க அவருக்குத் தோன்றியது. நம் வக்கீல் கையிலிருந்த வேறு வழக்குக் கட்டிலிருந்து தலையைத் தூக்கி, "விளக்கிட்டேங்கய்யா" என்றார்.

ஒரு போலீஸ்காரர் வந்து உன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். நீ அவரைக் கும்பிட்டாய் அண்ணா. தூக்கிவிட்டார்கள், முடிந்தது என்று நினைத்தாய். ஏழு வருஷம் என்று சொன்னது உனக்குப் புரியவே இல்லை. ஜெயிலில் மனுக் கொடுத்து உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "எப்பக் கண்ணு வுடுவாங்க? நாந்தான் வுழுந்துட்டேனே" என்று கேட்டாய்.

அப்பீலுக்கு வந்த வக்கீலம்மாவும் இலவச சட்ட உதவியில் வந்தவர்தான். அதனால் இலவசம் என்றாலே இப்படித்தான் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் நம் மலையூரான வாழவந்தி நாட்டுக்கு ஏறி வந்தார். மரத்தைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். பிறகு, "ஏன் விழுந்தாரு?" என்று கேட்டார்.

முறையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை அன்னிக்கு யாராச்சும் கோர்ட்ல சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலீங்க."

"கேக்கறதுக்குத்தானேம்மா ஒரு ஆளைப் போட்டாங்க."

அப்பீல் போட்டார். அது விசாரணைக்கு வருவதற்குள் உனக்குக் காய்ச்சல். மூன்று நாள் சும்மா மாத்திரை கொடுத்தார்கள் என்று உன் அறையில் இருந்தவர் சொன்னார். நாலாம் நாள் எங்களுக்குப் போன் வந்தது.

ஆள் செத்தால் அப்பீலும் செத்துவிடுமாம். நெருங்கிய சொந்தம் முப்பது நாளுக்குள் மனுப் போட்டுக் கேட்டால்தான் மேலே நடக்கும். "செத்துப்போனவருக்கு விடுதலை வாங்கி எங்க கொண்டுபோயிக் குடுப்ப?" என்று அண்ணி கேட்டார். கதவுக்குப் பின்னால் உன் மகள் நின்றுகொண்டிருந்தாள். நான் மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

மனு மட்டும் போதாது, அதோடு சேர்த்துக் கொடுக்க ஓர் ஆதாரமும் வேண்டும் என்கிறார் வக்கீலம்மா. குற்றச்சாட்டை உனக்கு விளக்கியதாகக் கோர்ட் பதிவில் இருக்கிறது. விளக்கவில்லை என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர், அன்றைக்கு உனக்காக நின்ற அந்த வக்கீல். முந்தாநாள் கோர்ட் எதிரிலுள்ள டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"வெள்ளையன் தங்கச்சிங்க சார்."

"எந்த வெள்ளையன்?"

சொன்னேன். டீயைக் கீழே வைத்தார். "கேள்விப்பட்டேன். பாவம். என்னம்மா பண்றது, ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு நிக்கறேன் தெரியுமா? நானும் நிக்காட்டி உங்கண்ணனுக்கு என்ன ஆகியிருக்கும்?"

"இதேதாங்க ஆகியிருக்கும்."

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வந்த விஷயத்தைக் கேட்பதற்குள் வக்கீல் எழுந்து போய்விட்டார்.

மனுக் கொடுக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது அண்ணா. நீ சாமி கும்பிடுகிறவன், நான் அப்படி இல்லை. அதனால் உன் ஆத்மா சாந்தியடையட்டும் என்றெல்லாம் எழுத மாட்டேன். உன் மகள் கையில் கோர்ட் முத்திரை போட்ட வேறொரு தாளைக் கொடுப்பேன். அதற்கு எத்தனை வருஷம் ஆனாலும் கீழே கோர்ட்டில் போய் நிற்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

வக்கீல் சார், நீங்களும் இதைப் படிப்பீர்கள். "நான் அவருக்கு எதையும் விளக்கவில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நேற்று கோர்ட் வாசலில் உங்கள் கார்க் கண்ணாடியைத் தட்டி இதைத்தான் கேட்டேன். நீங்கள் கண்ணாடியை இறக்கவில்லை. இன்றும் கேட்கிறேன். எழுதிக் கொடுங்கள்.

உன் கூடப் பிறந்தவள்,
செல்லம்மாள்