சுரங்கக் குள்ளனின் காலடியில்

அன்புள்ள கெரைன்ட்டுக்கு,

நாற்பது வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துத் திகைப்பாய்.

ஆபத்து வருமுன் பாறைக்குள்ளிருந்து தட்டி எச்சரிப்பானே குள்ளன், அவனுக்கு நம் சுரங்கம் இருந்த மேட்டில் பழைய தண்டவாள இரும்பால் சிலை செய்திருக்கிறார்கள். பேர்தான் குள்ளன், தேவாலயக் கோபுரத்தைவிட உயரம்.

அவன் காலடியில் சுரங்கத்தில் உழைத்த எல்லோர் பெயரையும் கல்லில் பொறிக்கிறார்கள். உன் பெயரைப் படித்ததும் விழாக்குழுவிலிருக்கும் இட்வால், "ஸ்ட்ரைக்கை உடைச்சவன் பேரு எதுக்கு?" என்றான்.

"சுரங்கத்துக் கூரை சரிஞ்சப்ப என்னை வெளிய இழுத்துப் போட்டவன்டா அவன். அவன் பேரு இல்லன்னா என் பேரையும் எடுத்துடு" என்றேன்.

"நீயே அவன்கூடப் பேசறதில்லையேடா."

ஆனாலும் உன் பெயரைப் பொறித்துவிட்டார்கள், என் பெயருக்கு நேர் மேலே.

ஸ்ட்ரைக் நடக்கும்போதே நீ வேலைக்குத் திரும்பிய அந்தக் குளிர்காலத்தில் உன் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எனக்குத் தெரியும். தெரிந்தும் உன் வாசலைத் தாண்டிப் போனேன்.

அவளுக்கு இப்போது நாற்பத்தைந்து இருக்குமே. சௌக்கியமா? பிள்ளைகள் எத்தனை?

சனிக்கிழமை திறப்பு விழா. எந்த பஸ்ஸில் வருவாய் என்றெல்லாம் எழுத வேண்டாம். காலையிலிருந்தே நிறுத்தத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன்னோடு சுரங்கத்தில் இறங்கியவன்